மலையில் டியூன் செய்த வண்டி அடிவாரத்தில் சீஸ் ஆனது ஏன்?

முதலில் வண்டியைச் சொல்லிவிடுகிறேன். 800 சிசி, இரண்டு சிலிண்டர், தண்ணீரில் குளிரும் டூ ஸ்ட்ரோக் என்ஜின் வைத்த, பனிமேல் ஓடும் ஸ்னோமொபைல். இன்ஜெக்டர் சிலிண்டர் சுவரிலேயே உட்கார்ந்து டிரான்ஸ்ஃபர் போர்ட்டுக்குள் (புதுக் கலவை சிலிண்டருக்குள் நுழையும் வழி) எரிபொருளைப் பீய்ச்சும் செமி டைரக்ட் இன்ஜெக்ஷன் வகை. சொந்தக்காரர் கனடாவின் ஆல்பர்ட்டாவில் இருக்கும் என் நண்பர். வண்டி ஓடுவது பெரும்பாலும் பக்கத்து மாகாணமான பிரிட்டிஷ் கொலம்பியாவில், ரெவல்ஸ்டோக் ஊரைச் சுற்றியுள்ள மலைகளில். கம்பெனி எக்ஸாஸ்ட் பைப்பையும் சைலன்சரையும் கழற்றிவிட்டு வெளியே வாங்கியதைப் போட்டார், அதற்குத் துணையாக எரிபொருள் அளவைத் திருத்தும் ஒரு ப்யூயல் கண்ட்ரோலர் பெட்டியும் மாட்டினார், சீசன் பூராவும் வண்டி பறந்தது. அப்புறம் கடும் குளிராக இருந்த ஒரு காலையில், மலையேற ஆரம்பிப்பதற்கு முன்பே, அடிவாரத்து நேர்ப்பாதையில் முழு த்ராட்டிலில் இழுத்துக்கொண்டு போகும்போது மேக்னெட்டோ (மின்சாரம் தயாரிக்கும் பாகம்) இருக்கும் பக்கத்துப் பிஸ்டன் சீஸ் ஆகி, அதாவது சிலிண்டருக்குள் இறுகிப் பிடித்து, நின்றுவிட்டது.

கொண்டுபோய்க் காட்டிய கடையில் "பெட்டி சரியில்லை, இதைவிட விலை கூடியதைப் போடுங்கள்" என்றார்கள். கழற்றிய பாகங்களையும் பெட்டியில் பதிந்திருந்த மேப்பையும் (எப்போது எவ்வளவு எரிபொருள் என்ற அட்டவணை) நாங்கள் இரண்டு பேரும் உட்கார்ந்து பார்த்தபோது தெரிந்தது வேறு. பெட்டி தன்னிடம் சொன்னதை அப்படியே செய்திருக்கிறது. அதற்குச் சொன்ன எண் தப்பு, அந்த எண்ணைத் தேடிய உயரமும் தப்பு, அதற்கெல்லாம் கீழே எரிபொருள் தொட்டிக்குள் யாரும் பார்க்காத இன்னொரு கோளாறும் இருந்தது. இந்த வகைச் சீஸ் ஒவ்வொரு பனிக்காலமும் நடக்கிறது, ஒவ்வொரு முறையும் பழி பெட்டியின் மேல் விழுகிறது. அதனால்தான் முழுசாக எழுதுகிறேன்.

பெட்டி என்ன செய்கிறது

வண்டியின் இசியு என்ற என்ஜின் கணினி, த்ராட்டில் எவ்வளவு திறந்திருக்கிறது, ஆர்பிஎம் (நிமிடத்துக்கு எத்தனை சுற்று) எவ்வளவு என்ற இரண்டையும் வைத்து ஒரு அட்டவணையில் இருந்து இன்ஜெக்டர் எவ்வளவு நேரம் திறந்திருக்க வேண்டும் என்று எடுக்கிறது, பிறகு காற்றழுத்தமும் வெப்பநிலையும் சொல்லும் சென்சார்களைப் பார்த்து அதைத் திருத்துகிறது. ப்யூயல் கண்ட்ரோலர் இசியுவுக்கும் இன்ஜெக்டருக்கும் நடுவில் உட்கார்ந்து, வரும் துடிப்பைக் கொஞ்சம் நீட்டும் அல்லது குறுக்கும். அவ்வளவுதான் அதன் வேலை. இந்த வண்டியின் பைப்பில் ஆக்சிஜன் சென்சார் கிடையாது, ஆகவே உள்ளே உண்மையில் எரிந்தது என்ன கலவை என்று இசியுவுக்கும் தெரியாது, பெட்டிக்கும் தெரியாது.

இங்கே நேரக் கணக்கு ஒன்றை மனதில் வைக்க வேண்டும். டூ ஸ்ட்ரோக்கில் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு முறை எரிபொருள் போக வேண்டும். 8,200 ஆர்பிஎம்மில் ஒரு சுற்றுக்குக் கிடைப்பது சுமார் 7.3 மில்லிசெகண்ட். இன்ஜெக்டர் திறக்கவே கொஞ்ச நேரம் பிடிக்கும், மூடவும் பிடிக்கும். கடல்மட்டத்துக்குப் பக்கத்தில், அடர்ந்த குளிர்காற்றில், முழு த்ராட்டிலில் கம்பெனி மேப்பே அந்த 7.3-இல் பெரும்பகுதியை எடுத்துக்கொண்டிருக்கும்போது, பெட்டியில் 15 சதவீதம் கூட்டினேன் என்று நீங்கள் எழுதலாம், ஆனால் அதைப் போட அங்கே நேரம் மிச்சம் இருக்காது.

எந்தப் பெட்டி யாருக்கு

சந்தையில் கிடைப்பவற்றை நான் மூன்றாகத்தான் பார்க்கிறேன். ஒன்று, பட்டனால் திருத்தும் எளிய பெட்டிகள். அமெரிக்காவின் மொன்டானாவைச் சேர்ந்த டோபெக் நிறுவனத்தின் பெட்டிகள் பச்சை, மஞ்சள், சிவப்பு விளக்குகளாகப் பிரித்து, மெதுவாக ஓட்டுவது, முடுக்குவது, முழு பளு என்று தனித்தனியாகத் திருத்த விடுகின்றன. ஐடஹோவின் பூண்டாக்கர் மலை ஓட்டிகள் மத்தியில் பெயர் வாங்கியது, டர்போ போடுபவர்கள் அதிகம் போன வழி அது. கையுறையோடு பனியில் நின்றுகொண்டே மாற்ற முடியும் என்பது இந்த வகையின் பெரிய பலம். இப்படிப்பட்ட பெட்டிகளில் பலவற்றால் எரிபொருளைக் கூட்ட மட்டுமே முடியும், குறைக்க முடியாது. அதைக் குறையாகச் சொல்பவர்கள் உண்டு. எனக்கு அது பாதுகாப்பாகவே படுகிறது.

இரண்டாவது, லேப்டாப்பில் மேப் எழுதும் வகை. டைனோஜெட்டின் பவர் கமாண்டர் இதற்கு நன்றாகத் தெரிந்த உதாரணம். த்ராட்டில் ஒரு பக்கம், ஆர்பிஎம் ஒரு பக்கம், ஒவ்வொரு கட்டத்திலும் கூட்டவும் குறைக்கவும் ஓர் எண். நுணுக்கம் அதிகம், ஆனால் ஒவ்வொரு கட்டத்தையும் எதை வைத்து நிரப்பப்போகிறீர்கள் என்று தெரியாவிட்டால் அந்த நுணுக்கத்தால் பயன் இல்லை. மூன்றாவது, பெட்டியே இல்லாமல் இசியுவில் உள்ள மேப்பை நேரடியாக மாற்றி எழுதுவது. எரிபொருளோடு இக்னிஷன் டைமிங்கையும் (தீப்பொறி விழும் நேரம்) தொட முடியும் என்பதால், பைப்போடு நிற்காமல் போர்ட்டிங், ஹெட், டர்போ என்று பெரிய மாற்றங்களுக்குப் போகிறவர்களுக்கு இதுதான் ஒழுங்கான வழி.

வண்டியின் இன்ஜெக்ஷன் வகையும் தேர்வை முடிவு செய்கிறது. ஸ்கி-டூவின் இ-டெக் என்ஜின்கள், 2009 மாடலில் 600-இலும் 2011 மாடலில் 800-இலும் வந்தவை, எரிபொருளை நேராக எரி அறைக்குள் அடிப்பவை. அங்கே எவ்வளவு என்பதோடு எந்த நொடியில் என்பதும் முக்கியம், ஆகவே துடிப்பை நீட்டிக் குறுக்கும் சாதாரணப் பெட்டி அதற்குப் பொருந்தாது. இன்னொரு விஷயம். அமெரிக்காவில் ஸ்னோமொபைல்களுக்கு மாசு விதி 2002-இல் எழுதப்பட்டு 2006 மாடலில் இருந்து அமலுக்கு வந்தது. சான்று பெற்ற என்ஜினின் மாசுக் கட்டுப்பாட்டில் கைவைப்பதை அங்குள்ள தூய காற்றுச் சட்டம் தடுக்கிறது. அமெரிக்காவில் ஓட்டுபவர்கள் வாங்கும் முன் இதையும் பாருங்கள், வாரண்டி தாளையும் எடுத்துப் படியுங்கள்.

நண்பர் வாங்கியது இரண்டாவது வகை. அவருடைய மாற்றம் பைப், சைலன்சர் அவ்வளவுதான். என்னைக் கேட்டால் அதற்குக் கூட்ட மட்டும் தெரிந்த எளிய பெட்டியே போதும்.

சீசனில் நடந்தது

பைப் மாட்டியதும் முழு த்ராட்டிலில் ஆர்பிஎம் எதிர்பார்த்ததைவிட ஏறக்குறைய 300 குறைவாக நின்றது. பெட்டியோடு வந்த மேப், அந்தப் பைப்புக்காக மேல் ஆர்பிஎம்மில் கொஞ்சம் எரிபொருள் கூட்டியே இருந்தது. நண்பர் மலை உச்சியில், 2,200 மீட்டர் வாக்கில், மதிய வெயிலில் நின்று அதைப் படிப்படியாகக் குறைத்துப் பார்த்தார். ஒவ்வொரு முறை குறைக்கும்போதும் ஆர்பிஎம் ஏறியது, வண்டி கூர்மையாக இழுத்தது. கடைசியில் கம்பெனி மேப்பைவிட 6 சதவீதம் குறைவாகக் கொண்டுவந்து நிறுத்தினார். சரிவில் ஏறும் குட்டி இழுப்புகளில் அது உண்மையாகவே அருமையாக ஓடியது, நானே ஓட்டிப் பார்த்திருக்கிறேன்.

ஏன் ஆர்பிஎம் ஏறியது என்பதில்தான் முழு விஷயமும் இருக்கிறது. டூ ஸ்ட்ரோக் பைப் வேலை செய்வது அழுத்த அலையால். எக்ஸாஸ்ட் போர்ட்டில் இருந்து கிளம்பும் அலை பைப்பின் கடைசிக் கூம்பில் மோதித் திரும்பிவந்து, வெளியே தப்பப் பார்க்கும் புதுக் கலவையை மறுபடி சிலிண்டருக்குள் தள்ள வேண்டும். அலை எவ்வளவு வேகமாகப் போகும் என்பதை முடிவு செய்வது பைப்புக்குள் இருக்கும் வாயுவின் சூடு. சராசரி வெப்பநிலை 450 டிகிரியில் இருந்து 500 டிகிரி செல்சியஸுக்கு ஏறினால் அலையின் வேகம் 3 சதவீதத்துக்கும் கொஞ்சம் கூடுதலாக உயரும், அதாவது 8,000 ஆர்பிஎம்மில் உச்சம் தரும் பைப் இப்போது 8,250-க்கு மேலே உச்சம் தரும். எரிபொருளைக் குறைத்தால் பைப் சூடாகும், சூடானால் உச்சம் மேலே நகரும், ஆர்பிஎம் ஏறும். நண்பர் கண்ணால் கண்டது இதைத்தான். பைப்பைச் சூடாக்கி ஆர்பிஎம்மை விலைக்கு வாங்கியிருக்கிறார், அந்த விலையைப் பிஸ்டன் கொடுத்துக்கொண்டிருந்தது.

ஆர்பிஎம்மைச் சரி செய்வது கிளட்சின் வேலை. ஸ்னோமொபைலில் முன் கிளட்சில் இருக்கும் வெயிட்டுகள்தான் என்ஜினை எந்த ஆர்பிஎம்மில் பிடித்து வைப்பது என்று தீர்மானிக்கின்றன. கனம் கூடினால் ஆர்பிஎம் இறங்கும், குறைந்தால் ஏறும். புதுப் பைப் சக்தியை வேறு இடத்தில் தருகிறது என்றால் வெயிட்டையும் ஸ்பிரிங்கையும் அதற்கேற்ப மாற்ற வேண்டும். ஆர்பிஎம் குறைகிறதே என்று எரிபொருளில் கைவைப்பவர்கள்தான் அதிகம். காரணம் எளிது, பெட்டியில் ஒரு எண்ணை மாற்ற சில நொடி போதும், கிளட்சைக் கழற்ற முழங்கை வலிக்கும்.

மலைக்கும் அடிவாரத்துக்கும் நடுவில்

2,200 மீட்டரில் நிலையான வளிமண்டலக் கணக்குப்படி காற்றழுத்தம் சுமார் 77.5 கிலோபாஸ்கல். அடிவாரத்தில், 500 மீட்டரில், சுமார் 95.5. ரெவல்ஸ்டோக் பக்கம் குளிர்காலத்தில் கனத்த குளிர்காற்று பள்ளத்தாக்கில் தேங்கி, கீழே உச்சியைவிடக் குளிராக இருக்கும் நாட்கள் உண்டு. உச்சியில் மைனஸ் 5, அடிவாரத்தில் மைனஸ் 20 என்று எடுத்துக் கணக்குப் போட்டால், ஒவ்வொரு இழுப்பிலும் சிலிண்டருக்குக் கிடைக்கும் காற்று கீழே ஏறக்குறைய 30 சதவீதம் அதிகம். இசியு இதை அறிந்து எரிபொருளைக் கூட்டும். பெட்டி அதில் இருந்து அதே 6 சதவீதத்தைக் கழிக்கும். விகிதம் மேலே இருந்த அதே விகிதம்தான், ஆனால் எரி அறையின் நிலைமை அதே நிலைமை இல்லை. காற்று கூடினால் அழுத்தம் கூடும், சூடு கூடும், நாக்கிங் (கலவை தானாகவே வெடித்து எரிவது) வரும் எல்லை பக்கத்தில் வரும். மேலே மெல்லிய காற்றில் என்ஜின் பொறுத்துக்கொண்ட கலவையைக் கீழே பொறுக்காது. அதோடு உச்சியில் யாரும் அரை நிமிடம் முழு த்ராட்டிலில் இருப்பதில்லை, மரமோ சரிவோ வந்துவிடும். அடிவாரத்துப் பாதையில் அது சாதாரணம்.

பிஸ்டன் இதைத் தெளிவாகவே எழுதி வைத்திருந்தது. எக்ஸாஸ்ட் பக்கத்தில் உரசல், மேல் விளிம்பில் மணல் அடித்தது போன்ற பொடிப்பொடிக் குழிகள். அந்தக் குழிகள் நாக்கிங்கின் கையெழுத்து. நான்கு மூலையிலும் உரசியிருந்தால் என்ஜின் சூடாகும் முன்பே முறுக்கியதால் பிஸ்டன் சிலிண்டரைவிட வேகமாக விரிந்தது என்று சந்தேகப்பட்டிருப்பேன், இன்டேக் பக்கம் உரசியிருந்தால் ஆயில் பம்ப்பைப் பார்த்திருப்பேன். காற்றுக் கசிவும் டூ ஸ்ட்ரோக்கில் இப்படிக் கொல்லும் என்பதால் என்ஜினை அடைத்து மெல்லிய அழுத்தம் கொடுத்துச் சோதித்தோம். அழுத்தம் நின்றது, கசிவு இல்லை.

ஆனாலும் 6 சதவீதம் மட்டுமே இப்படிச் செய்திருக்குமா என்பது என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. கம்பெனி மேப்புகள் வழக்கமாகக் கொஞ்சம் ரிச்சாகவே (எரிபொருள் கூடுதலாகவே) இருக்கும், 6 சதவீதத்தை ஒரு சீசன் முழுக்கத் தாங்கிய என்ஜின் ஒரு காலையில் ஏன் கைவிட வேண்டும்? தொட்டியைத் திறந்ததும் பதில் கிடைத்தது. ப்யூயல் பம்ப்பின் அடியில் உறிஞ்சும் வடிகட்டி பாதிக்கு மேல் அடைத்துப் போயிருந்தது. பம்ப்பை அப்படியே வைத்து, ஐடிலில் தேவைப்படும் அளவுக்கு மட்டும் எடுத்து அழுத்தம் பார்த்தால் கச்சிதமாக 4 பார் காட்டுகிறது. ஓடவைக்கும்போது இன்ஜெக்டர்கள் கேட்கும் அளவுக்கு வடிகட்டி வழியாக எடுத்தால் அழுத்தம் ஐந்தில் ஒரு பங்கு விழுகிறது. இன்ஜெக்டரில் பாயும் அளவு அழுத்தத்தின் வர்க்கமூலத்துக்கு ஏற்ப மாறும் என்பதால் 20 சதவீத அழுத்தம் போனால் எரிபொருளில் 10 சதவீதத்துக்கு மேல் போகிறது. உச்சியில் காற்று குறைவு, எரிபொருள் தேவையும் குறைவு, அந்த அடைத்த வடிகட்டி அங்கே ஈடுகொடுத்திருக்கிறது. கீழே தேவை 30 சதவீதம் ஏறியதும் முடியவில்லை.

மூன்றாவதாக எரிபொருள். நண்பர் வழக்கமாக எத்தனால் கலக்காத 91 ஆக்டேன் பிரீமியம் போடுபவர், அன்று வழியில் வேறு பம்ப்பில் 10 சதவீத எத்தனால் கலந்ததைப் போட்டிருக்கிறார். தூய பெட்ரோலை முழுசாக எரிக்கத் தேவையான காற்று எடைக்கணக்கில் 14.7 மடங்கு, இந்தக் கலவைக்கு 14.1. அதாவது அதே காற்றுக்கு 4 சதவீதம் கூடுதலாக எரிபொருள் வேண்டும். சில வண்டிகளில் எரிபொருள் வகையைச் சொல்ல ஒரு பிளக்கோ மீட்டரில் ஒரு அமைப்போ இருக்கும். இந்த வண்டியிலும் இருக்கிறது, அது எத்தனால் இல்லை என்ற பக்கத்தில் இருந்தது. மூன்றையும் பெருக்கிப் பாருங்கள். 0.94, 0.96, 0.89. என்ஜினுக்குக் கிடைத்தது தேவையில் 80 சதவீதம்.

திரும்பக் கட்டியது

சிலிண்டரின் முலாம் நல்லவேளையாகத் தப்பியிருந்தது. ஒட்டியிருந்த அலுமினியத்தை அமிலத்தால் எடுத்து, ஹோன் போட்டு (சுவரை லேசாகத் தேய்த்து), இரண்டு பிஸ்டனையும் மாற்றினோம். ஒன்று மட்டும் போனாலும் இரண்டையும் மாற்றுங்கள்.

டியூனிங் வரிசையில் பெட்டிக்குக் கடைசி இடம்தான். முதலில் புது வடிகட்டி, பிறகு அளவுகருவியை டியூப்பில் மாட்டிக்கொண்டே முழு பளுவில் ஓட்டி அழுத்தம் அசையாமல் நிற்கிறதா என்று பார்த்தோம். ஐடில் அழுத்தத்தை மட்டும் பார்த்துவிட்டு நல்லது என்று சொல்லும் பழக்கத்தை எல்லாரும் விட வேண்டும், இந்த வண்டி அதற்குச் சாட்சி. எரிபொருள் பிளக்கை எத்தனால் பக்கம் மாற்றி அங்கேயே விட்டுவிட்டோம், எத்தனால் இல்லாததைப் போட்டால் கொஞ்சம் ரிச்சாக ஓடும், அதனால் ஒன்றும் போகாது. அப்புறம் பெட்டியைக் கழற்றி வைத்துவிட்டுக் கிளட்ச். ஒவ்வொரு வெயிட்டிலும் இரண்டு கிராம் குறைத்தால் ஏறக்குறைய 200 ஆர்பிஎம் ஏறும் என்பது ஓட்டிகள் மத்தியில் புழங்கும் கணக்கு. இங்கேயும் அது பெரிதாகப் பொய்க்கவில்லை. பைப் சூடான பிறகு நிற்கும் ஆர்பிஎம்மைத்தான் பார்க்க வேண்டும், முதல் இழுப்பில் தெரிவதை அல்ல.

அதற்குப் பிறகுதான் பெட்டி, பைப்போடு வந்த ரிச்சான மேப்போடு. இந்த முறை எல்லா இழுப்பும் அடிவாரத்தில், அதிகாலைக் குளிரில். நான் அதிகம் நம்புவது பிஸ்டன் மேல்தளத்தைத்தான். ப்ளக் ஓட்டை வழியாகக் குட்டி கேமராவை விட்டுப் பார்த்தால், டிரான்ஸ்ஃபர் போர்ட் பக்கங்களில் புதுக் கலவை கழுவிவிட்ட, கார்பன் ஒட்டாத பிறைகள் தெரியும். பிறைகள் தெளிவாக, அளவாக இருந்தால் நிம்மதி. சுருங்கிக்கொண்டே போனால் லீன் ஆகிறது, எரிபொருள் குறைகிறது என்று அர்த்தம். இரண்டு சிலிண்டரிலும் ஒரே அளவில் இருக்கின்றனவா என்றும் பாருங்கள்.

எக்ஸாஸ்ட் வெப்பநிலை மானியும் மாட்டினோம், இரண்டு பக்கமும் பிஸ்டனில் இருந்து சரிசமமான தூரத்தில். அதில் ஓர் ஆபத்து இருக்கிறது. நாக்கிங் ஆரம்பித்தால் சூடு பிஸ்டனுக்கும் ஹெட்டுக்கும் போய்விடும், மானியில் வெப்பநிலை இறங்கும். இறங்குவதைப் பார்த்துப் பரவாயில்லை என்று நினைத்தால் முடிந்தது கதை. இசியு நாக்கிங்கைக் கேட்டு டைமிங்கைப் பின்னுக்கு இழுத்தால் அதே மானி ஏறும். ஆகவே ஒரு எண்ணைத் துரத்தாமல், நன்றாக ஓடிய நாளில் என்ன காட்டியது என்று குறித்து வைத்து அதிலிருந்து எவ்வளவு விலகுகிறது என்று பார்ப்பதே சரி. கலவை விகிதத்தைக் காட்டும் வைட்பேண்ட் சென்சாரும் அப்படித்தான், டூ ஸ்ட்ரோக்கில் எரியாத கலவையும் ஆயிலும் சேர்ந்தே வெளியே வருவதால் அது காட்டும் விகிதத்தை நான்கு ஸ்ட்ரோக் என்ஜினில் போல எடுத்துக்கொள்ள முடியாது.

கடைசியில் மேப் முழு த்ராட்டில் வரிசையில் 4 சதவீதம் கூடுதலில் நின்றது, பாதி த்ராட்டிலில் பெரும்பாலும் பூஜ்யம். ஆர்பிஎம் 8,200-ஐ ஒட்டி நிற்கிறது, அதைப் பிடித்து வைத்திருப்பது கிளட்ச். உச்சியில் போன சீசனின் அந்தக் கூர்மை கொஞ்சம் குறைந்திருப்பது உண்மை. உச்சிக்கு ஒரு மேப், அடிவாரத்துக்கு ஒரு மேப் என்று இரண்டு வைத்து ஹேண்டிலில் சுவிட்ச் போடலாமா என்று நண்பர் கேட்டார். அவருடைய பெட்டியில் அந்த வசதி இருக்கிறது. நான் வேண்டாம் என்றேன். சாயங்காலம் களைத்து, விரல் மரத்து, வண்டி நிறுத்திய இடத்தை நோக்கி முழு வேகத்தில் இறங்கிக்கொண்டிருக்கும் ஒருவர் அந்தச் சுவிட்சை மறக்காமல் தட்டுவார் என்பதை நம்பி ஒரு என்ஜினைப் பணயம் வைக்க எனக்கு மனமில்லை. அவர் ஒப்புக்கொண்டார், லேப்டாப் கேபிளையும் வண்டிப் பையில் இருந்து எடுத்து வீட்டில் வைத்துவிட்டார். தொட்டி வடிகட்டியை ஒவ்வொரு சீசன் தொடக்கத்திலும் மாற்றுவது என்று முடிவாகியிருக்கிறது.